கேபி 2 என்றால் துருவ ஒளிப் பயணத்தை ரத்துச் செய்துவிடலாமா? (துரொம்சோ, பிள்ளைகளோடு)

12 ஜனவரி 2025

லண்டன் வாசகி ஒருவரின் கேள்வி: பெப்ரவரி பள்ளி விடுமுறையில் நோர்வேயின் துரொம்சோவுக்குப் போகிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5, அம்மாவுக்கு 68. துருவ ஒளி (துருவப் பக்கத்து இரவு வானத்தில் அசைந்தாடும் வண்ண ஒளி) பார்க்கும் மாலைச் சுற்றுலா ஒன்றுக்குப் பணமும் கட்டியாயிற்று. ஆனால் துருவ ஒளிச் செயலியைத் திறந்தால் தினமும் கேபி 1, கேபி 2 என்றுதான் காட்டுகிறது (கேபி என்பது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு குழம்பியிருக்கிறது என்பதை 0 முதல் 9 வரை சொல்லும் எண்). கேபி 5 இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது, சின்னப் பிள்ளைகளைக் குளிரில் நிற்க வைத்ததுதான் மிச்சமாகும் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். ரத்துச் செய்துவிடலாமா?

12 ஜனவரி, இரவு

வேண்டாம். ரத்துச் செய்யாதீர்கள்.

கேபி 5 என்பது ஸ்கொட்லாந்தில் இருந்து பார்க்க நினைப்பவர்களுடைய கணக்கு. துருவ ஒளி பூமியின் காந்தத் துருவத்தைச் சுற்றி, தலையில் வைத்த சும்மாடு மாதிரி ஒரு வளையமாக எப்போதும் இருக்கிறது. கேபி கூடினால் அந்த வளையம் விரிந்து தெற்கே இறங்கும், அவ்வளவுதான். துரொம்சோ வட அகலாங்கு 69 பாகைக்கும் மேலே இருக்கிறது. அமைதியான நாட்களில்கூட வளையம் அந்த ஊரின் தலைக்கு மேலேயோ, சற்று வடக்கேயோதான் நிற்கும். கேபி 1, 2 என்று காட்டிய இரவுகளில் நாங்கள் அங்கே வடிவாகப் பார்த்திருக்கிறோம்.

நீங்கள் பார்க்க வேண்டியது முகிலை. நோர்வேயில் எல்லோரும் பார்க்கும் வானிலைத் தளம் 'ஈர்' (நோர்வே வானிலை நிறுவனமும் என்ஆர்கே ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்துவது). துரொம்சோவுக்கு மட்டும் பார்க்காமல் ஷிபொட்ன், பால்ஸ்ஃபியோர்ட் போன்ற சுற்றுப்புற இடங்களுக்கும் மணிவாரியாக முகில் எவ்வளவு என்று பாருங்கள். அதையும் இன்றைக்கே பார்த்துப் பயனில்லை. போகும் நாளுக்கு முதல்நாள் பார்த்தால் போதும்.

13 ஜனவரி

சுற்றுலா எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

துரொம்சோவில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, முகில் இல்லாத வானத்தைத் தேடிப் போகும் பஸ். மாலை ஆறு மணியளவில் கிளம்புவார்கள். வழிகாட்டி செய்மதிப் படங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டுநருக்கு வழி சொல்வார். விடுதிக்குத் திரும்ப ஒரு மணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். மற்றது, ஓரிடத்திலேயே இருப்பது. கலைமான் பண்ணை, சாமி என்ற வடபகுதிப் பழங்குடி மக்களின் லாவ்வு கூடாரம், நடுவில் நெருப்பு, கையில் சூடான சூப்பு, நாலைந்து மணித்தியாலத்தில் திரும்பிவிடலாம். ஐந்து வயது மகனுக்கும் அம்மாவுக்கும் இரண்டாவதுதான் பொருந்தும். ஒளி வந்தால் வெளியே ஓடலாம், வராத நேரத்தில் உள்ளே நெருப்பருகில் இருக்கலாம். இந்த விஷயத்தில் பார்ப்பது கொஞ்ச நேரம், காத்திருப்பதுதான் நீண்ட நேரம். ஆகவே காத்திருக்கும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நாங்கள் முதலில் பெரிய பஸ்ஸில் போனோம். குளிர் உடுப்புத் தருவோம் என்றார்கள், ஆனால் பிள்ளைகளின் அளவில் இருக்கவில்லை. சின்னவளுக்குப் பெரிய ஆளின் உடுப்பின் காலை மூன்று மடிப்பு மடித்துவிட்டு நடக்கச் சொன்னார்கள். அவளால் பனியில் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. பிள்ளைகளின் உயரத்தை இப்போதே எழுதி அனுப்பி, அந்த அளவில் உடுப்பும் சப்பாத்தும் உண்டா என்று பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சூப்பு பெரும்பாலும் கலைமான் இறைச்சியில்தான் இருக்கும். அம்மா சைவம் என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

13 ஜனவரி, பிறகு

இன்னொன்று, கழிப்பறை உண்டா என்று கேளுங்கள். தேடிப் போகும் பஸ் நிற்கிற வீதியோரங்களில் ஒன்றும் இருக்காது. 68 வயது அம்மா அதை வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார், அதனாலேயே தேநீரையும் குடிக்காமல் இருப்பார். என் மாமி அப்படித்தான் செய்தார். சூடாக ஒன்றும் குடிக்காததால் எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் குளிர் கூடுதலாக இருந்தது.

15 ஜனவரி

கூடாரத்துக்குப் போங்கள் என்று நான் எழுதியதை ஒருவர் மறுத்திருக்கிறார். கூடாரத்துக்கு மேலேயே முகில் மூடிக்கொண்டால் என்ன செய்வது, பஸ் என்றாலாவது நகரலாமே என்கிறார். இது நியாயமான கேள்வி.

துரொம்சோ கடலோரத் தீவு. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் அங்கேதான் மோதும். கிழக்கே லிங்கன் மலைத்தொடர் அந்த ஈரத்தைத் தடுத்துவிடுவதால், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஷிபொட்ன் பள்ளத்தாக்கில் வானம் தெளிவாக இருக்கும் இரவுகள் அதிகம். துரொம்சோ பல்கலைக்கழகம் தன் வானியல் அவதான நிலையத்தை அங்கே அமைத்ததற்குக் காரணமும் அதுதான். வீதிவழியே நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். அங்கேயும் மூடியிருந்தால் அதே வீதியில் இன்னும் போய்ப் பின்லாந்தின் கில்பிஸ்யார்வி வரை ஓட்டுவார்கள். எல்லை தாண்டுவதால் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். விசாவில் வருகிறவர்கள் அதை மறக்கவே கூடாது.

ஆகவே என் யோசனையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். கடலோர முன்னறிவிப்பு நன்றாக இருந்தால் கூடாரம். கடலோரம் முழுக்க மூடியிருந்தால், பிள்ளைகள் இருந்தாலும் ஷிபொட்ன் பக்கம் போகும் சின்ன வான் (வேன்). பெரிய பஸ் எந்த நிலையிலும் வேண்டாம். போகும் வழியில் பிள்ளைகள் தூங்கட்டும். வயதுக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், சில சின்ன வான்காரர்கள் சிறு பிள்ளைகளை ஏற்றுவதில்லை. நீங்களே கார் எடுத்து ஓட்டுவதாக இருந்தால் 135 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பிள்ளைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். ஆனால் உறைபனி வீதியில் ஓட்டிப் பழகாதவர்கள் இரவில் கார் எடுப்பதை நான் விரும்பவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் அந்த வீதிகளில் நிறையப் பேர்.

கட்டிய சுற்றுலாவை முதல் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலநிலை சரியில்லாமல் அவர்களே நிறுத்தினால் வேறு நாளுக்கு மாற்ற உங்களுக்கு இடம் இருக்கும். குறைந்தது மூன்று இரவாவது அந்த ஊரில் தங்குங்கள்.

16 ஜனவரி

உடுப்பு பற்றிப் பலர் கேட்டிருப்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

தோலோடு படுகிற உடுப்பு கம்பளி. பருத்தி கூடவே கூடாது. வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும், நின்ற ஐந்து நிமிடத்தில் நடுக்கம் தொடங்கிவிடும். பெனியனையும் ஜீன்ஸையும் விடுதியில் விட்டுவிடுங்கள். கம்பளிக்கு மேலே இன்னொரு கம்பளியோ ஃபிளீஸோ, அதற்கு மேலே காற்றுப் புகாத உடுப்பு. பஸ்ஸுக்குள் மேல் உடுப்பைக் கழற்றிவிடுங்கள். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு சூடான பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் இருந்தால் பிள்ளை உள்ளே நனைந்துவிடும், இறங்கியதும் குளிர் பிடித்துக்கொள்ளும்.

கால்தான் முதலில் விறைக்கும். சப்பாத்து ஓர் அளவு பெரிதாக, விரல்கள் உள்ளே ஆடும்படி இருக்க வேண்டும். இரண்டு மூன்று காலுறைகளைத் திணித்து இறுக்கினால் காற்றுக்கு இடமில்லாமல் இன்னும் சீக்கிரம் விறைத்துவிடும். வெறும் பனியில் அசையாமல் நிற்க வேண்டாம். நோர்வேப் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகிற மடக்கும் இருக்கைப் பாய் ஒன்றை வாங்கிக் காலுக்குக் கீழே போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். விரல்கள் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறை சூடு. சின்னவர்களின் கன்னத்தையும் மூக்கையும் அடிக்கடி பாருங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் உடனே கையால் பொத்திச் சூடாக்கிவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், தேய்க்க வேண்டாம்.

கடல் நீரோட்டத்தால் துரொம்சோ நகரம் அந்த அகலாங்குக்கு மிதமான ஊர். ஜனவரி, பெப்ரவரியில் சராசரி மைனஸ் 4 பாகை அளவில்தான். ஷிபொட்ன் பள்ளத்தாக்கில் தெளிந்த இரவென்றால் மைனஸ் 20ஐயும் எதிர்பார்க்க வேண்டும். வானம் தெளிவாக இருக்கிறது என்றால் குளிரும் கூடும், இரண்டும் சேர்ந்தே வரும்.

இதற்காகப் பிள்ளைகளை வீட்டில் விட வேண்டாம். நோர்வேயில் பாலர் பள்ளிப் பிள்ளைகள் மாரி முழுக்கத் தினமும் வெளியே விளையாடுகிறார்கள், கைக்குழந்தைகள் தள்ளுவண்டியில் வெளியேதான் தூங்குகிறார்கள். அசைந்துகொண்டிருக்கும் பிள்ளைக்குக் குளிர் தெரியாது. உட்கார்ந்து சறுக்குகிற சின்னப் பிளாஸ்ரிக் பலகை ஒன்று துரொம்சோவில் எந்த விளையாட்டுக் கடையிலும் கிடைக்கும். அதைக் கொண்டுபோங்கள். வானம் சும்மா இருந்தாலும் உங்கள் மகன் சும்மா இருக்க மாட்டான்.

19 ஜனவரி

"சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது, அதைத்தான் காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள்" என்று ஒருவர் கோபத்தோடு எழுதியிருக்கிறார். அவருக்கு இது.

மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. இருட்டில் வேலை செய்யும் கண்ணின் செல்கள் வெளிச்சத்தை மட்டும்தான் உணரும், நிறத்தை அல்ல. ஆகவே மெல்லிய துருவ ஒளி சாம்பல் கீற்றாகத்தான் தெரியும். ஒளி வலுத்தால்தான் பச்சை நிறம் கண்ணுக்கு எட்டும். அந்தச் சாம்பல் கீற்றோடு நிறுத்திக்கொண்டு பஸ்ஸுக்குள் போய்விடுகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். பல இரவுகளில் அது தொடக்கம் மட்டுமே.

என் மாமா (கணவரின் அப்பா) எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்கு வந்தவர். இன்னும் வடக்கே, ஃபின்மார்க்கில் பொட்ஸ்ஃபியோர்ட் என்ற ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலை. அந்தக் கரையோர ஊர்களில் அப்போது எங்கள் தமிழ் ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான் இருந்தார்கள், பிறகுதான் ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள். வேலை முடிந்து தங்குமிடத்துக்கு நடக்கும்போது தலைக்கு மேலே இந்த ஒளி ஓடிக்கொண்டிருக்குமாம். ஊருக்கு எழுதிய கடிதங்களில் ஒரு வரிகூட இதைப் பற்றி எழுதியதில்லை என்கிறார். எழுத வேறு விஷயங்கள் இருந்தன.

கூடாரத்துக்குப் போன இரவில் அவரும் வந்திருந்தார். எல்லோரும் உள்ளே. அவர் மட்டும் வெளியே நின்று கிழக்கிலிருந்து மேற்காகக் கிடந்த சாம்பல் பட்டை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகில் என்றேன். "அது முகில் இல்லை, பிள்ளை. முகிலுக்குள்ளால நட்சத்திரம் தெரியுமே?" என்றார். உண்மைதான், பட்டைக்குள் நட்சத்திரங்கள் அப்படியே தெரிந்தன. பிள்ளைகளை வெளியே அழைத்தோம். பத்து நிமிடம் இருக்கும், பட்டையின் ஒரு முனை பச்சையாகி, இரண்டாகப் பிரிந்து, தலைக்கு மேலே வந்து சுழன்றது. கீழ் விளிம்பில் இளஞ்சிவப்பு ஒரு பக்கமிருந்து மறு பக்கம் ஓடி மறைந்தது. பனித்தரையே பச்சையாகத் தெரிந்தது. சின்னவள் கத்திய கத்தலில் படுத்திருந்த கலைமான்கள் எழுந்து நின்றன. மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் கீழே பார்த்துக்கொண்டே நடந்து போய்விட்டோம் என்று மட்டும் சொன்னார்.

20 ஜனவரி

கோயம்புத்தூரில் இருந்து கேள்வி: 2024 மே மாதம் லடாக்கிலேயே தெரிந்ததாமே, அங்கே போனால் போதாதா?

ஆம், 2024 மே 10 இரவு ஹான்லே வான்நோக்கு நிலையத்தின் கமராக்களில் அடிவானத்தில் சிவப்பு ஒளி பதிவானது. அது மிகக் கடுமையான காந்தப் புயல், ஜி5 என்ற உச்ச நிலை. ஒக்சிசன் அணு 200 கிலோமீற்றருக்கு மேலே சிவப்பையும், 100 முதல் 150 கிலோமீற்றர் வரையான உயரத்தில் பச்சையையும் தரும். உயரத்தில் இருப்பதுதான் தூரத்திலிருந்து தெரியும், ஆகவே லடாக்கில் சிவப்பு மட்டும். எங்களுக்கு அந்த இளஞ்சிவப்பு விளிம்பைத் தந்தது இன்னும் கீழே இருக்கும் நைதரசன். லடாக்கில் அப்படிப்பட்ட இரவு எப்போதாவது ஒருமுறை வரும், அதை நம்பி ரிக்கற் போட முடியாது.

21 ஜனவரி

இன்று துரொம்சோவில் சூரிய நாள். நவம்பர் கடைசியில் மறைந்த சூரியன் மலைகளுக்கு மேலே மீண்டும் எட்டிப் பார்க்கும் நாள். பள்ளிகளில் பிள்ளைகள் வெளியே வந்து வரவேற்பார்கள், ஊர் முழுக்க 'சூல்பொல்லர்' என்ற ஜாம் வைத்த பொரித்த பணிஸ் சாப்பிடுவார்கள். ஜனவரியில் போகும் குடும்பங்கள் முடிந்தால் இந்த நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

26 ஜனவரி

லண்டன் வாசகியின் மகள் கேட்ட கேள்வி என்று இதை அனுப்பியிருக்கிறார்: வளையம் என்றால் நடுவில் ஒன்றும் இல்லையா? வட துருவத்துக்கே போனால் தெரியாதா? ஒன்பது வயதில் இதைக் கேட்ட பிள்ளைக்கு நல்ல பதில் கிடைக்க வேண்டும்.

நடுவில் குறைவுதான். 78 பாகையில் இருக்கும் நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் இரவு நேரத்து ஒளி பல நாட்கள் அவர்களுக்குத் தெற்கே தெரியும். சூரியனிலிருந்து வரும் துகள்கள் நேரே துருவத்தில் வந்து விழுவதாகப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள், அது முழுக் கதை இல்லை. சூரியக் காற்று (அந்தத் துகள்களின் ஓட்டம்) பூமியின் காந்தப்புலத்தை இரவுப் பக்கமாக நீண்ட வாலாக இழுக்கிறது. அந்த வாலில் சக்தி சேர்ந்து, ஒரு கட்டத்தில் விடுபடுகிறது. அப்போது இலத்திரன்கள் முடுக்கப்பட்டுக் காந்தக்கோடுகள் வழியே கீழே பாய்கின்றன. அந்தக் கோடுகள் வந்து இறங்கும் இடம்தான் வளையம். சேர்ந்து சேர்ந்து விடுபடுவதால்தான் ஒளியும் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று வெடிக்கிறது. கேபி என்பது மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு எண், அதுவும் உலகம் முழுவதுக்கும். பதினைந்து நிமிட ஆட்டம் எப்போது தொடங்கும் என்று அது சொல்லாது.

மகளுக்கு இதையும் சொல்லுங்கள். கிறிஸ்தியான் பிர்க்லாண்ட் என்ற நோர்வே விஞ்ஞானி காற்று அகற்றிய கண்ணாடிப் பெட்டிக்குள் காந்தமேற்றிய உருண்டை ஒன்றை வைத்து, அதன்மேல் இலத்திரன் கதிர்களைப் பாய்ச்சி, துருவங்களைச் சுற்றி ஒளி வளையம் தோன்றுவதைக் காட்டினார். 1899இல் அல்தாவுக்கு அருகே ஹால்டெ மலையுச்சியில் மாரி முழுக்கத் தங்கி ஆராய்ந்தவர். பழைய 200 குரோணர் நோட்டில் அவருடைய படம்தான். அவர் வானத்தில் ஓடுவதாகச் சொன்ன மின்னோட்டத்தைப் பலர் ஏற்கவில்லை. 1917இல் அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்துச் செய்மதிகள்தான் அது இருப்பதை உறுதிசெய்தன. நாட்டின் நோட்டில் ஒரு துருவ ஒளி ஆராய்ச்சியாளரை அச்சடித்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

2 பெப்ரவரி

படம் எடுப்பது. கைபேசியில் இரவு முறை, மூன்று விநாடி அல்லது அதற்கு மேல், சின்ன முக்காலி. பிளாஷை நிறுத்திவிடுங்கள், மற்றவர்களுடைய கண்ணையும் கெடுக்கும். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், திரையை ஒருமுறை பார்த்தாலே அது போய்விடும். பற்றரி குளிரில் படுத்துவிடும், ஆகவே உள் சட்டைப் பையில் வையுங்கள். குடும்பப் படம் ஒன்று எடுத்தபின் கைபேசியை உள்ளே போட்டுவிடுவது நல்லது.

நிலாவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 12ஆம் தேதி முழு நிலவு, உங்கள் விடுமுறை வாரத்தில் தேய்ந்துகொண்டிருக்கும். முழு நிலவிலும் நல்ல ஒளி தெரியும், பனி மலைகளும் சேர்ந்து தெரியும்.

9 பெப்ரவரி

சத்தம் கேட்குமா என்று கேட்டவருக்கு: பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் உந்தோ லைனெ என்ற ஒலியியல் ஆராய்ச்சியாளர் மெல்லிய வெடிப்புச் சத்தங்களைப் பதிவுசெய்து, அவை சுமார் 70 மீற்றர் உயரத்தில் பிறக்கின்றன என்று 2012இல் அறிவித்தார். ஒளி இருப்பதோ நூறு கிலோமீற்றர் உயரத்தில். நான் கேட்டதில்லை. பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கச் சொல்லி முயன்று பாருங்கள்.

ஒளியைப் பார்த்துச் சீட்டியடிக்கக் கூடாது, கையசைக்கக் கூடாது, அது இறங்கி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று சாமிப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்கள். எங்கள் வழிகாட்டி சாமிப் பெண். தன் பாட்டிக்கு முன்னால் இன்றைக்கும் சீட்டியடிக்க மாட்டேன் என்றார். எங்கள் மூத்தவன் அன்று வாயைக் கையுறையால் பொத்திக்கொண்டே நின்றான்.

20 பெப்ரவரி

லண்டன் வாசகி துரொம்சோவிலிருந்து எழுதியிருக்கிறார். முதல் இரவு கூடாரத்தில் முழுக்க முகில், ஆனால் மகன் சறுக்கியே களைத்துப் போனானாம். அடுத்த நாள் சின்ன வானில் ஷிபொட்ன் பக்கம். கேபி 2. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு இரண்டு முறை தலைக்கு மேலே வந்ததாம். மகன் முதலாவதைத் தூக்கத்தில் தவறவிட்டு, இரண்டாவதைப் பாட்டியின் மடியில் இருந்து பார்த்திருக்கிறான். அம்மா கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னதால் தேநீரும் குடித்தாராம். எனக்கு மிகவும் சந்தோஷம். உங்கள் நண்பரிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

8 மார்ச்

ஈஸ்டர் விடுமுறைக்குப் போகலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 20. அப்போது துரொம்சோவில் நள்ளிரவிலும் வானம் முழுதாக இருட்டாது, மே 20 வாக்கில் சூரியன் மறைவதே நின்றுவிடும். இந்தப் பருவத்தில் என்றால் மார்ச் முடியும் முன் போங்கள். சம இரவுக் காலத்தை ஒட்டி, அதாவது மார்ச்சிலும் செப்டம்பரிலும், காந்தக் குழப்பங்கள் சற்று அதிகம் என்பது நீண்ட காலப் பதிவுகளில் தெரிந்த விஷயம்.

அது முடியாவிட்டால் செப்டம்பர் கடைசி அல்லது ஒக்ரோபர் பள்ளி விடுமுறை. பனி குறைவு, ஏரிகள் உறைந்திருக்காது, ஒளி தண்ணீரிலும் தெரியும். மழை முகில்தான் கூடுதல், ஆகவே இரவுகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். வயதானவர்களைக் கூட்டிப் போக எனக்கு அந்தப் பருவம்தான் பிடித்திருக்கிறது. சுற்றுலா எடுக்காத இரவில் ஊருக்குள்ளேயே மேட்டில் இருக்கும் பிரெஸ்ட்வன்னெ ஏரிக்கோ, தீவின் தெற்கே தெலெக்ராஃப்புக்தா கடற்கரைக்கோ போகலாம். காசு இல்லை, நடக்க முடியாதவர்கள் டாக்சியில் போய் இறங்கலாம்.